கல்லீரல் தழும்பு: ஃபிப்-4 முதலில், ஃபைப்ரோஸ்கேன் பிறகு

வயிற்று ஸ்கேன் அறிக்கையில் 'கொழுப்புக் கல்லீரல், கிரேடு 1' என்று வந்ததும் பலர் நேராக, கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனுக்கு ஓடுகிறார்கள். அந்த கிரேடு கொழுப்பின் அளவைத்தான் சொல்கிறது. கல்லீரலின் எதிர்காலத்தைப் பெரிதும் தீர்மானிக்கும் தழும்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. தழும்பை அறிய முதல் படி, பெரும்பாலும் வீட்டிலிருக்கும் ரத்தப் பரிசோதனை அறிக்கைதான்.

அதிலுள்ள எண்களை வைத்துத் தழும்பின் வாய்ப்பை மதிப்பிடும் ஃபிப்-4 கணக்கு இது: வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள் (எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் கல்லீரல் நொதிகளின் அளவுகள்). பிளேட்லெட் எண்ணிக்கையை ஆயிரக்கணக்கில் எடுத்து, எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுங்கள். 50 வயது, எஸ்ஜிஓடி 40, எஸ்ஜிபிடி 49, பிளேட்லெட் 2 லட்சம் என்றால் 2000-ஐ 1400-ஆல் வகுக்க 1.43 வரும். 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு, 2.67-ஐத் தாண்டினால் சந்தேகம் வலுவாகிறது. எஸ்ஜிஓடியும் எஸ்ஜிபிடியும் ஏறக்குறைய இயல்பாக இருக்கும்போதே இவர் இடைநிலையில் நிற்பதைக் கவனியுங்கள். 'எஸ்ஜிபிடி நார்மல், கவலை வேண்டாம்' என்ற ஆறுதலை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

ஃபிப்-4 கணக்கின் பலவீனம் வயதுதான். இதே அளவுகள் 40 வயதுக்காரருக்கு 1.14 என்றே வரும். அதனால் 65-க்கு மேற்பட்டோருக்குக் கீழ் எல்லையை 2 என வைக்கிறார்கள். 35-க்குக் கீழ் இந்தக் கணக்கு அவ்வளவாக நம்பத்தக்கதல்ல. டெங்கு காய்ச்சலின்போது எடுத்த ரத்த அறிக்கையை வைத்துக் கணக்கிடவே கூடாது. பிளேட்லெட் சரிந்து எஸ்ஜிஓடி எகிறியிருக்கும். விடை பொய்யாக உயரும்.

ஃபைப்ரோஸ்கேன் கல்லீரலின் விறைப்பையே அளக்கிறது. விலா எலும்புகளுக்கு இடையே கருவியை வைத்து மெல்லிய அதிர்வை அனுப்புகிறார்கள். விறைத்த திசுவில் அலை வேகமாகப் பாயும். வலி இல்லை, சில நிமிடங்களில் முடியும். கொழுப்புக் கல்லீரலில் விறைப்பு 8 கிலோபாஸ்கலுக்குக் (விறைப்பை அளக்கும் அலகு) கீழ் என்றால் நிம்மதி. 12-க்கு மேல் என்றால் நிபுணரைப் பார்க்க வேண்டும். ஆனால் விறைப்புக்குத் தழும்பு மட்டுமே காரணம் அல்ல. சாப்பிட்ட உடனே எடுத்தால் எண் கூடும். குறைந்தது மூன்று மணி நேரம் வெறும் வயிறு அவசியம். மஞ்சள் காமாலை, இதயச் செயலிழப்பு, பித்தநாள அடைப்பு ஆகியவையும் எண்ணை ஏற்றும். வயிற்றில் நீர் கோத்திருந்தால் அளவு கிடைப்பதே அரிது.

எம்ஆர்ஐ கருவியால் விறைப்பை அளக்கும் எம்ஆர் எலாஸ்டோகிராபி இவை இரண்டையும்விடத் துல்லியமானது. ஆனால் செலவு அதிகம், எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

என் தேர்வு தெளிவானது. நீரிழிவோ உடல் பருமனோ உள்ளவர்கள் முதலில் ஃபிப்-4 பார்க்கட்டும். 1.3-க்குக் கீழ் (65-க்கு மேற்பட்டோருக்கு 2-க்குக் கீழ்) வந்தால் ஸ்கேன் செலவை விட்டுவிட்டு, ஓரிரு ஆண்டுகளில் மீண்டும் கணக்கிடலாம். அதற்கு மேல் வந்தால் ஃபைப்ரோஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டும் முரண்பட்டால், திசுப் பரிசோதனை தேவையா என்பதைக் கல்லீரல் மருத்துவர் முடிவுசெய்யட்டும்.