பன்னிரண்டு சேனல் என்றார்கள், இரண்டுதான் வந்தது

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் பாண்டு வைத்திருப்பவர்கள் யாராவது ரெக்கார்டிங்குக்காக மிக்சர் (பல மைக், வாத்தியங்களின் ஒலியைக் கலக்கும் பெட்டி) வாங்கப் போகிறீர்கள் என்றால், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது. தவிர, இதே பேச்சை வேறு கடையிலும் கேட்க வாய்ப்பு உண்டு.

நாங்கள் ஆறு பேர். நாகஸ்வரம், தவில், கீபோர்டு, டிரம் பேட், கிடார், பேஸ். கிடார் தம்பிதான் பாடவும் செய்வான். குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய நெல் கிடங்கின் மாடியில் பயிற்சி. பங்குனியிலிருந்து வைகாசி வரை கோயில் திருவிழா நிகழ்ச்சிகள் என்பதால் அதற்கு முந்தைய மாதங்களில்தான் புதுப்பாட்டு சேர்க்க நேரம் கிடைக்கும். பயிற்சியை ஃபோனில் பதிந்து கேட்டால் நாகஸ்வரமும் தவிலும் மட்டும் கேட்கும். பேஸ் வாசிக்கும் நான் அன்றைக்கு வந்தேனா என்றே சந்தேகம் வந்துவிடும். ஒவ்வொரு வாத்தியமும் தனி டிராக்காக லேப்டாப்பில் ஏறினால் எங்கே தப்பு என்று உட்கார்ந்து கேட்கலாம். அதுதான் எங்கள் தேவை.

கும்பகோணத்தில் ஒரு கடையில் இதை அப்படியே சொன்னேன். விற்பனையாளர் பன்னிரண்டு சேனல் (ஒலி உள்ளே வரும் வழி) மிக்சர் ஒன்றைக் காட்டி, "யூஎஸ்பி இருக்கு தம்பி, பன்னிரண்டும் ரெக்கார்ட் ஆகும்" என்றார். வீட்டுக்கு வந்து சந்தேகமாகி வாட்ஸாப்பில் மறுபடி கேட்டதற்கும் வாய்ஸ் மெசேஜிலேயே பதில் அனுப்பினார்: "பன்னிரண்டும் தனித்தனியா வரும், பயப்படாதீங்க." ஆறு பேரும் சேர்த்து 28,500 ரூபாய் கொடுத்தோம். கையில் வந்தது ஜிஎஸ்டி பில் இல்லை, 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச்சீட்டு.

மிக்சரை விரித்து வைத்த பிறகுதான் முதல் குட்டு வெளிப்பட்டது. மைக் சொருகும் இடம் எட்டுதான். மீதி நான்கும் இரண்டு ஸ்டீரியோ ஜோடி. சரி, அதைப் பெட்டியின் மேலேயே போட்டிருந்தார்கள், பார்க்காதது எங்கள் தப்பு. ஆனால் லேப்டாப்பில் ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளைத் திறந்து இன்புட் பட்டியலைப் பார்த்தால் இரண்டே இரண்டு வரிதான் இருந்தது. இடது, வலது. பன்னிரண்டும் ரெக்கார்ட் ஆகத்தான் செய்தது, எல்லாம் ஒன்றாகக் கலந்து. தவிலைக் குறைக்க வேண்டும் என்றால் எல்லாவற்றையும்தான் குறைக்க வேண்டும்.

கடைக்கு ஃபோன் செய்தோம். இங்கேதான் நாங்கள் இரண்டாவது தடவை ஏமாந்தோம். "அதுக்கு இண்டர்ஃபேஸ் தனியா போடணும் தம்பி, எல்லாரும் அப்படித்தான் வச்சிருக்காங்க" என்று சொல்லி 11,000 ரூபாய்க்கு ஒரு ஆடியோ இண்டர்ஃபேஸையும் (ஒலியை லேப்டாப்புக்குள் ஏற்றும் பெட்டி), அதை இணைக்க ஓர் ஆளையும் அனுப்பினார்கள். அந்த இண்டர்ஃபேஸில் இன்புட்டே இரண்டுதான்! மிக்சரின் யூஎஸ்பி ஏற்கெனவே தந்துகொண்டிருந்த அதே இடது வலதை, ஸ்பீக்கருக்குப் போகும் மெயின் அவுட்டிலிருந்து அந்த ஆள் எடுத்து, அதே லேப்டாப்புக்குள் இன்னொரு வழியாக அனுப்பினார். ஒரே இரண்டு டிராக்குக்கு இரண்டு தடவை காசு. அந்த நேரத்தில் எங்களுக்கு இது உறைக்கவே இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அவர் இணைத்த விதத்தையும் சொல்ல வேண்டும். மெயின் அவுட்டில் வருவது லைன் அளவு சிக்னல், ஒரு வோல்ட்டை ஒட்டி இருக்கும். மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அவர் எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் மைக்) கேபிளால் மெயின் அவுட்டை இண்டர்ஃபேஸின் மைக் இன்புட்டில் சொருகினார். நாகஸ்வரம் ஒரு இழுப்பு இழுத்ததும் சிவப்பு விளக்கு எரிந்து பதிவு முழுக்கக் கரகரப்பு. "சவுண்டு பலமா வரட்டும்" என்று 48 வோல்ட் பட்டனையும் அழுத்தினார். அது கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பட்டன். அதை மிக்சரின் அவுட்புட்டுக்குள் அனுப்பினால் சத்தம் அதிகமாகாது, அவுட்புட் சுற்று கெட்டுப்போகத்தான் வழி. எங்கள் நல்ல நேரம், கெடவில்லை. டிஆர்எஸ் (தடித்த ஹெட்ஃபோன் பிளக் மாதிரி) கேபிளால் லைன் இன்புட்டில் சொருக வேண்டியது, அவ்வளவுதான் விஷயம்.

அடுத்து ஹம். லேப்டாப் சார்ஜரை மாட்டியதும் 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் முனகல். சார்ஜர் ஒரு சுவரிலும் மிக்சர் எதிர்ச் சுவரிலும் இருந்தன, எர்த் இரண்டு வழியாகச் சுற்றியது. இரண்டையும் ஒரே பிளக் போர்டில் போட்டிருந்தாலே பெரும்பாலும் அடங்கியிருக்கும். அடங்காவிட்டால் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் டிஐ பாக்ஸ் (நேர் மின் தொடர்பு இல்லாமல் ஒலியை மட்டும் கடத்தும் பெட்டி) ஒன்றை நடுவில் வைக்கலாம். அவர் என்ன செய்தார் தெரியுமா? பிளையரை எடுத்து மிக்சர், பவர்டு ஸ்பீக்கர் இரண்டின் பிளக்கிலும் எர்த் பின்னை ஒடித்துவிட்டார். முனகல் நின்றது. நாங்கள் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினோம்.

மறுவாரம் லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டிக்கொண்டிருந்தோம். கிடார் தம்பி பாட வாயை மைக்கில் வைத்ததும் "ஆ" என்று பின்னால் சாய்ந்தான். உதட்டில் ஷாக். அவன் விரல் இருந்த கிடார் கம்பி, ஆம்ப் வழியாக ஒழுங்காக எர்த்தில் இருந்தது. எர்த் இல்லாத மிக்சரோடு சேர்ந்த மைக்கில் கசிவு மின்சாரம் நின்றிருந்தது. நடுவில் அவன். உதடு மரத்துப்போனதோடு போயிற்று. அந்த மிக்சருக்குள் ஒயர் ஏதாவது விட்டுப்போய் அதன் உலோகக் கூட்டில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஹம்முக்காக எவன் எர்த் பின்னில் கை வைத்தாலும் அப்போதே வெளியே அனுப்பிவிடுங்கள். பணம் போனதுகூடப் பரவாயில்லை, எனக்கு இதுதான் ஆறவில்லை.

கடைக்குப் போனால், "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது, சீட்டுலயே போட்டிருக்கு பாருங்க" என்றார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் கொடுக்காததே முறையற்ற வணிக நடைமுறைதான். பொருளின் தன்மை பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பதும் அப்படியே. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். யுபிஐயில் பணம் கட்டியிருந்ததால் சீட்டு செல்லாது என்று அவர்களால் பேச முடியவில்லை. சில நாளில் கடையிலிருந்தே அழைத்து இண்டர்ஃபேஸ் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மிக்சரை எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். அதில் பழுது இல்லையாம். பழுது இருப்பதாக நாங்களும் சொல்லவில்லையே, சொன்ன மாதிரி இல்லை என்றுதானே சொல்கிறோம்.

இப்போது எப்படி ஓட்டுகிறோம் என்று கேட்பவர்களுக்கு: எட்டு இன்புட் உள்ள இண்டர்ஃபேஸ் ஒன்றைப் பழையதாக வாங்கினோம். மிக்சரின் எட்டு மோனோ (மைக்) சேனலிலும் பின்னால் இன்சர்ட் ஜாக் இருக்கிறது. அதில் பிளக்கின் முனை வழியாகச் சிக்னல் வெளியே போகும், நடு வளையம் வழியாகத் திரும்பி வரும். சாதாரண கேபிளை முழுக்கச் சொருகினால் அந்தச் சேனல் ஸ்பீக்கரில் ஊமையாகிவிடும். அதனால் முனையையும் வளையத்தையும் சேர்த்துப் பற்றவைத்த கேபிள் வேண்டும். டிரம் பேட் வாசிக்கும் அண்ணன் ரேடியோ பழுதுபார்ப்பவர், ஒரே மாலையில் எட்டையும் செய்துவிட்டார். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்கு முன்னாலேயே இன்சர்ட் இருப்பதால் யார் ஃபேடரை ஏற்றி இறக்கினாலும் பதிவு மாறாது. தவிலுக்கு வலந்தலை ஒன்று, தொப்பி ஒன்று. மற்ற ஆறும் குரல், நாகஸ்வரம், கிடார், பேஸ், கீபோர்டு, பேட்.

புதிதாக வாங்குபவர்கள் இந்தச் சுற்றுவழிக்கே போக வேண்டாம். 'யூஎஸ்பி இருக்கா' என்று கேட்காதீர்கள், இப்போது பெரும்பாலானவற்றில் இருக்கிறது. யூஎஸ்பியில் எத்தனை உள்ளே, எத்தனை வெளியே என்று கேளுங்கள். பெரிங்கர் எக்ஸ்ஆர்18 போன்ற மிக்சர்களில் 18 உள்ளே 18 வெளியே என்று தயாரிப்பாளரே போட்டிருப்பார்கள். எங்களுடையதில் '2 இன், 2 அவுட்' என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. லேப்டாப்பைக் கடைக்கே தூக்கிப் போங்கள். ரீப்பரை 60 நாள் காசில்லாமல் பயன்படுத்திப் பார்க்கலாம். மிக்சரின் டிரைவர் மென்பொருளைப் போட்டு இன்புட் பட்டியலைத் திறக்கச் சொல்லுங்கள். அங்கே எத்தனை வரி இருக்கிறதோ அத்தனை டிராக்தான்.

மிக்சர் பணத்துக்காகத் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுகிறோம். பொருளின் விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒடித்த இரண்டு பிளக்கையும் கழற்றி மாற்றிவிட்டோம், பழையதைப் பையில் போட்டு வைத்திருக்கிறேன். அந்த வாய்ஸ் மெசேஜும் பத்திரமாக இருக்கிறது.