136 கிலோ ஆளுக்கு ஃபைப்ரோஸ்கேன்: இரண்டு சென்டர் ஏறி இறங்கிய அனுபவம்

ஈரல் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்த இரண்டு சென்டரின் பெயரையும் போடப்போவதில்லை. முதல் இடத்தின் பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவார்கள், இரண்டாவதை மட்டும் போட்டால் விளம்பரம் என்பீர்கள். இரண்டும் மதுரைக்குள்தான், ஒன்று வைகைக்குத் தெற்கே, இன்னொன்று வடக்கே.

எனக்கு வயது 43, உயரம் 172 செ.மீ., எடை 136 கிலோ, பி.எம்.ஐ. 46. நம் ஊர் உடம்புக்கு 25 வந்தாலே உடல் பருமன் என்று கணக்கு, நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுகர் மூன்று வருடமாக உண்டு, மூன்று மாதச் சராசரி 7.4, டிரைகிளிசரைடு 268. வயிற்று ஸ்கேனில் ‘கிரேடு 2 ஃபேட்டி லிவர்’ என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழேயே ‘உடல் பருமனால் தெளிவாகப் பார்க்க முடியவில்லை’ என்றும் எழுதியிருந்தார்கள். சரி, அப்புறம் எதை வைத்து கிரேடு போட்டார்கள்?

டாக்டர் பழைய ரத்த ரிப்போர்ட்டை எடுத்து ஃபிப்-4 என்று ஒரு கணக்குப் போட்டார். வீட்டிலேயே போடலாம். வயதை ஏ.எஸ்.டி. என்ற ஈரல் என்சைம் அளவால் பெருக்குங்கள், சில லேபில் அதை எஸ்.ஜி.ஓ.டி. என்று போட்டிருப்பார்கள். பிளேட்லெட்டை ஏ.எல்.டி. என்ற இன்னொரு என்சைம் அளவின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் முடிந்தது. பிளேட்லெட் 2.3 லட்சம் என்றால் 230 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு ஏ.எஸ்.டி. 58, ஏ.எல்.டி. 64, விடை 1.36. அது 1.3க்குக் கீழே இருந்தால் ஈரலில் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, தாண்டினால் அடுத்த கட்டம் ஃபைப்ரோஸ்கேன்.

தேங்காய் முற்றலா இளசா என்று சுண்டிப் பார்ப்போமே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு புரோப்பை வைத்துத் தட்டுகிறார்கள், அந்த அதிர்வு ஈரலுக்குள் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று மிஷின் பார்க்கிறது. ஈரல் இறுகியிருந்தால் வேகம் கூடும். வலி கிடையாது, ஊசி கிடையாது.

முதல் சென்டரில் வரவேற்பிலேயே ஆரம்பித்துவிட்டது. நாற்காலி எல்லாம் கைப்பிடி வைத்தது, நான் நின்றுகொண்டேதான் இருந்தேன். எடை மிஷின் 120க்கு மேல் காட்டாது, அந்தப் பையன் ‘120+’ என்று எழுதிக்கொண்டான். என் சரியான எடை எனக்குத் தெரிந்ததே மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மச்சினனின் வெங்காயக் கடைத் தராசில் ஏறி நின்றதால்தான். பி.பி. பட்டை கையைச் சுற்றிப் போதாமல் காற்று ஏற ஏற டர்ரென்று பிரிந்தது, இழுத்துப் பிடித்து 162/100 என்று எழுதினார்கள். பட்டை சின்னதாக இருந்தால் பி.பி. கூடுதலாகத்தான் காட்டும், இது எனக்குப் பிறகுதான் தெரியும். நடுவில் நாலு பேர் முன்னால் “தண்ணிப் பழக்கம் உண்டா சார்?” என்று சத்தமாக ஒரு கேள்வி. தொட்டதே இல்லை என்றால் நம்பாத ஒரு சிரிப்பு. ஃபேட்டி லிவருக்கு 2023ல் பெயரையே மாற்றி வைத்ததில் சுகர், பருமன் மாதிரியான வளர்சிதை மாற்றக் கோளாறைத்தான் முன்னால் கொண்டுவந்தார்கள், ஆனால் சிரிப்பு மட்டும் மாறவில்லை.

அதெல்லாம் போகட்டும், என் பெரிய புகார் புரோப்தான். இந்த மிஷினுக்கு பெரியவர்களுக்கென்று எம், எக்ஸ்.எல். என்று இரண்டு புரோப் உண்டு. தோலுக்கும் ஈரலுக்கும் இடையே 25 மி.மீ.க்கு மேல் இருந்தால் எக்ஸ்.எல். போட வேண்டும். அங்கே இருந்தது எம் மட்டும். இருபது தடவைக்கு மேல் தட்டினார்கள். மூன்று மணி நேரமாவது வெறும் வயிறாக வர வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை, நான் பொங்கலும் வடையும் முடித்துவிட்டு நேராகப் போயிருந்தேன். சாப்பிட்டதும் ஈரலுக்கு ரத்த ஓட்டம் கூடி அளவும் ஏறும். 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு கையில் கொடுத்த ரிப்போர்ட்டில் ஈரல் இறுக்கம் 17.4 கிலோபாஸ்கல். அன்று ராத்திரி போனில் தேடினால் சிரோசிஸ், சிரோசிஸ் என்றே வருகிறது, அதாவது ஈரல் முழுக்கத் தழும்பேறிப்போன நிலை. வீட்டில் சொல்லாமல் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் மறுநாள் 17.4ஐப் பார்க்கவே இல்லை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஐ.க்யூ.ஆர். 52 சதவீதம் என்றிருந்ததைப் பேனாவால் சுழித்தார். ஒரு தட்டுக்கும் இன்னொரு தட்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது அது. 30ஐத் தாண்டினால் நம்பக்கூடாதாம். “எக்ஸ்.எல். இருக்கான்னு கேட்டுட்டுப் போங்க.”

இரண்டாவது இடத்துக்குப் போன் போட்டேன். “இருக்குண்ணே, காலையில எதுவும் சாப்பிடாம வாங்க” என்று அந்தத் தங்கச்சி கேட்காமலேயே சொன்னது, அப்போதே பாதி பயம் போய்விட்டது. கைப்பிடி இல்லாத பெஞ்ச், அகலமான கட்டில், பெரிய பி.பி. பட்டை, அதில் 138/88. “வலது கையத் தலைக்கு மேல வச்சுக்கங்கண்ணே, மூச்ச விட்டுட்டு அப்படியே இருங்க.” பத்துத் தட்டு, பத்தும் பதிவானது. பதினைந்து நிமிடம், 3,000 ரூபாய். ஈரல் இறுக்கம் 9.6, ஐ.க்யூ.ஆர். 14. கொழுப்பைக் காட்டும் கேப் அளவு 358, அது 400 வரைக்கும்தான் போகும், ஆக ஈரலில் கொழுப்புக்குக் குறைவில்லை. இறுக்கம் 8க்கும் 12க்கும் நடுவில் இருந்தால் இரண்டுங்கெட்டான் நிலை, கவனிக்க வேண்டும், ஆனால் திரும்ப வழி உண்டு என்றார் டாக்டர். எடையில் 5 சதவீதம் குறைந்தால் ஈரல் கொழுப்பு இறங்கும், 10 சதவீதம் குறைந்தால் தழும்பே குறைய வாய்ப்பு. எனக்கு அது 13.6 கிலோ. எடை குறைக்க இரைப்பை ஆபரேஷன், வாரம் ஒரு ஊசி இரண்டையும் பற்றிச் சொன்னார், யோசிக்கிறேன். ஈரலை விட இதயத்தைத்தான் முதலில் பார்த்துக்கொள்ளச் சொன்னார், ஃபேட்டி லிவர் இருப்பவர்களை அதிகம் கொண்டுபோவது இதய, ரத்தக்குழாய் நோய்தானாம்.

ஐந்து மாதத்தில் 127க்கு வந்திருக்கிறேன். தெப்பக்குளத்தை தினமும் இரண்டு சுற்று, முட்டி வலித்தால் ஒன்று. ஜிகர்தண்டாவை நிறுத்தியதுதான் கஷ்டம், விளக்குத்தூண் பக்கமே போவதில்லை.

இரண்டாவது சென்டரிலும் குறை இருக்கிறது. ஸ்கேன் ரூம் இரண்டாம் மாடி, லிஃப்ட் ரிப்பேர், என்னை மாதிரி ஆட்கள் வருகிற இடத்தில்! மூச்சு அடங்கவே பத்து நிமிடம் ஆனது. நாலு ஸ்டார் போடுகிறேன். அடுத்த ஸ்கேன் தையில், லிஃப்ட் ஓடினால் மிச்சம் ஒன்றையும் போடுகிறேன்.