பேராதனையா, கண்டியா, பக்கத்துப் பள்ளிக்கூடமா?

எங்கள் மூத்தவளுக்கு டவுன் சின்ட்ரோம், பிறவியிலேயே வளர்ச்சி தாமதமாகும் நிலை. இப்போது எட்டு வயது. இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். நான் நகரத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், மனைவி மலைக்கு, அதாவது கொழுந்து பறிக்கப் போகிறவள். பிள்ளைக்காக மூன்று வழிகளிலும் நடந்து பார்த்துவிட்டோம்: பேராதனைச் சிறுவர் வைத்தியசாலை கிளினிக், கண்டியில் ஒரு தனியார் பேச்சுச் சிகிச்சை நிலையம், நகரத்துத் தமிழ்ப் பாடசாலை ஒன்றின் விசேட கல்வி அலகு (இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான தனி வகுப்பு). எதைப் பிடித்துக்கொள்வது என்று பக்கத்து லயத்து (தோட்ட வரிசை வீட்டு) தாய் ஒருவர் போன மாதம் கேட்டார். அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் அலகுப் பக்கம் சாய்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பேராதனையை விட முடியாது. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. இந்தப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இருதயத்தில் பிறவிக் கோளாறு இருக்கும். தைராய்டுக்கு வருடந்தோறும் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். காதுக்குள் நீர் கோத்துக் கேள்வி மந்தமாவதும் அடிக்கடி நடப்பது. காது சரியாகக் கேட்காத பிள்ளையை, பேசவில்லை என்று அதட்டிக்கொண்டிருந்த காலம் எங்கள் வீட்டிலும் உண்டு. இன்றும் நினைத்தால் உறுத்துகிறது. இந்தச் சோதனைகளை அரசாங்க வைத்தியசாலையில் காசில்லாமல் செய்துகொள்ளலாம். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ்ஸில் போய் இறங்கும்போது உடம்பு கசங்கிவிடும், அவ்வளவுதான். ஆனால் கிளினிக் என்பது உடம்பைப் பார்க்கும் இடம். பிள்ளையின் ஒவ்வொரு நாளையும் அங்கே யாரும் நடத்தித்தர முடியாது.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கண்டிக்குப் போனோம். அங்கே இருந்த பெண் கெட்டிக்காரி, பொறுமைசாலி. ஆனால் அவருக்குத் தமிழில் நாலைந்து சொற்களுக்கு மேல் வராது. தண்ணீர்ப் போத்தல் படத்தைக் காட்டி, சிங்களத்தில் தண்ணீருக்குச் சொல்லும் 'வத்துர' என்பார். ஆறாவது வாரம் பிள்ளை வீட்டில் செம்பைக் காட்டி 'வத்து' என்றாள். எனக்கும் மனைவிக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். என் அம்மா மட்டும், "வாத்துக்கு நான் எங்கே போவேன்?" என்று வாசலை எட்டிப் பார்த்தார்.

மொழியைக்கூடச் சமாளித்திருப்போம். எங்களை வீழ்த்தியது பேர். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை; மற்றவர்களுக்குச் சொன்னால், பேர் என்பது ஒரு நாள் வேலைக்கான பதிவு. மலைக்குப் போகாத நாளில் பேர் விழாது, அன்றைய சம்பளமும் இல்லை. அப்போது நாள் சம்பளம் 1000 ரூபாய். கிழமைக்கு ஒரு நாள் கண்டி என்றால் மாதத்தில் நாலு பேர், அதாவது 4000 ரூபாய், சிகிச்சைக் கட்டணத்துக்கும் பஸ் காசுக்கும் முன்னாலேயே போய்விடும். 2024 செப்டெம்பரில் சம்பளம் 1350 ஆனது. அந்தக் கணக்கில் போகும் தொகையும் 5400 ஆகியிருக்கும். சம்பளம் ஏற ஏற லீவு போடுவதன் விலையும் ஏறுகிறது என்பதை எங்களைப் போன்றவர்கள்தான் அறிவோம். நாங்கள் கண்டிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் 2022 வந்தது. டீசல் இல்லாமல் பஸ்கள் குறைந்தன. மூன்று கிழமை போகவில்லை, பிறகு ஐந்து கிழமை. வந்த சொற்களில் பாதி போய்விட்டது. ஆகவே எந்த வழியையும் இந்த ஒரு கேள்வியால் அளந்து பாருங்கள்: இதை இரண்டு வருடம் விடாமல் கொண்டுபோக நம்மால் முடியுமா? எவ்வளவு திறமையான சிகிச்சையானாலும் நாலு மாதத்தில் நின்றால், நின்ற இடத்திலிருந்து தொடங்க முடிவதில்லை.

அலகில் அந்தப் பயம் இல்லை. காலை ஆறேகால் பஸ்ஸில் நானே கூட்டிப்போகிறேன், ஒன்றரைக்கு பிள்ளையின் அப்பாயி, அதாவது என் அம்மா, வந்து அழைத்துப்போவார், மனைவியின் பேர் கெடாது. பேச்சுச் சிகிச்சையாளர் கிடையாது. பதினைந்து வயதுப் பையனும் ஆறு வயதுப் பிள்ளையும் ஒரே அறையில். ஆசிரியை ஒருவர்தான், அவருக்கு இடமாற்றம் வந்தால் என்ன ஆகும் என்ற கவலை எனக்கு எப்போதும் உண்டு.

ஆனால் அந்த ஆசிரியை முதல் வாரமே எங்கள் வீட்டுச் சாமான்களைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துவரச் சொன்னார்: செம்பு, ரொட்டித் தட்டு, அப்பாயியின் கம்பளி, கொழுந்துக் கூடை. இந்தப் பிள்ளைகள் காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்த்துச் சுலபமாகப் பிடித்துக்கொள்வார்கள் என்றார். படங்களை அச்செடுத்து மட்டையில் ஒட்டினார். பொத்தான் போடப் பழக்கியது பழைய ஸ்வெட்டர் ஒன்றில். பெரிய பொத்தான், பெரிய துளை. முதல் மாதம் முழுவதும் ஒரே ஒரு பொத்தான்தான். ஐந்தாவது மாதம் ஒரு மாலை, மனைவி, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் நனைந்த படங்கை அவிழ்த்துக் கொடியில் போட்டபோது பிள்ளை மட்டையைத் தூக்கிக் காட்டி, "அம்மா படங்கு" என்றாள். இரண்டு சொல் சேர்ந்து வந்தது அன்றுதான்.

கணக்கில் எழுத முடியாத இன்னொன்றும் உண்டு: பள்ளி வாசலில் நிற்கும் மற்றப் பெற்றோர்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பார்த்து மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதை எனக்குச் சொன்னது ஒரு முச்சக்கரவண்டிச் சாரதி; அவர் மகனும் எங்கள் அலகில்தான். கிளினிக் கொப்பியின் பிரதியைக் கையோடு கொண்டுபோகச் சொன்னதும் அவரே.

வலிப்பு உள்ள பிள்ளை, நடக்க முடியாத பிள்ளை என்றால் என் அனுபவம் அப்படியே பொருந்தாது. நான் நகரத்தில் வேலை செய்வதால்தான் இது நடக்கிறது என்பதையும் மறைக்க மாட்டேன். தோட்டத்தின் மேல் டிவிஷனில் (மேல் பிரிவில்) இருந்து தாயும் தகப்பனும் மலைக்குப் போகிற வீட்டில் யார் கூட்டிப்போவது? நுவரெலியாப் பக்கம் இருப்பவர்கள், விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்காகவே அங்கே இயங்கும் மென்கஃபெப் நிறுவனத்தில் விசாரிக்கலாம். எங்களுக்கு அது தலவாக்கலை, நானுஓயா தாண்டிய தூரம்.

இப்போது பேராதனைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போகிறோம். காது, இரத்தம், இருதயம் எல்லாவற்றையும் முடிந்தவரை ஒரே நாளில் வைத்துத் தரும்படி கேட்டு வாங்குகிறோம். கண்டி நின்றுவிட்டது. கேள்வி கேட்ட தாயை வரும் திங்கட்கிழமை ஆறேகால் பஸ்ஸுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். "பேர் போகுமே அண்ணன்" என்றார். ஒரு நாள் தானே, வந்து அறையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்றேன்.