எட்டு வருடம், ஒரு ஜோடி ஸ்பீக்கர், அழும் பீரோ

போன மாதம் இடது ஸ்பீக்கரின் ஊஃபர் (பேஸ் ஒலியைத் தரும் பெரிய வட்டம்) கரகரக்க ஆரம்பித்தது. முன் துணியைக் கழற்றிப் பார்த்தால், அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பான கோனைச் சுற்றியிருக்கும் ஃபோம் விளிம்பு டீயில் ஊறிய பிஸ்கட் மாதிரி விரலோடு வந்துவிட்டது. ஃபோம் அப்படித்தான். பாட்டே போடாமல் மூலையில் வைத்திருந்தாலும் வெப்பத்திலும் ஈரத்திலும் தானாக உதிரும். வேலூர் வெயிலில் எட்டு வருடம் தாங்கியதே பெரிசு. ரப்பர் விளிம்பாக இருந்தால் இந்தச் செலவு வந்திருக்காது. பழைய ஸ்பீக்கர் வாங்கும்போது முதலில் தொட்டுப் பார்க்க வேண்டியது இதைத்தான். 2016-இல் சென்னையில் ஒருவர் வீட்டிலிருந்து வாங்கியபோது நான் பெட்டியின் பளபளப்பைத்தான் பார்த்தேன்.

சைதாப்பேட்டைப் பக்கம் மைக் செட் ரிப்பேர் செய்கிறவரிடம் கொண்டுபோனேன் (நம்ம வேலூர் சைதாப்பேட்டை, சென்னையில் இருப்பது இல்லை). "இன்னா சார், இந்தப் பொட்டிக்கா இவ்ளோ பாடு? பதினஞ்சு இஞ்ச் போட்டு ஒரு பாக்ஸ் அடிச்சித் தரேன், தெருவே அதிரும்" என்றார். ஆனால் வேலை சுத்தம். பசை காய்வதற்குள் இரண்டு கட்டைவிரலாலும் கோனை மெல்ல அழுத்தி, உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் எங்காவது உரசுகிறதா என்று காதை வைத்துக் கேட்டார். இரண்டுக்கும் சேர்த்து 1,400 ரூபாய்.

அந்தச் சூட்டோடு காட்பாடி நண்பர் ஒருவர் கேட்டார்: "ராக் கேட்க எது வாங்கலாம்? நூறு வாட் போதுமா?"

வாட்டை விடுங்கள். ஸ்பீக்கரின் பின்னால் எத்தனை டெசிபல் என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒரு வாட் கொடுத்தால் எவ்வளவு சத்தம் வரும் என்பதன் அளவு அது. என்னுடையது 90. அதே சத்தத்தை 86 போட்ட ஸ்பீக்கரில் வரவைக்க ஆம்ப்ளிஃபையர் ஏறக்குறைய இரண்டரை மடங்கு பவர் தள்ள வேண்டும். வாட்டை இரட்டிப்பாக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். என் 40 வாட் ஆம்ப்ளிஃபையரில் குமிழ் பாதியைத் தாண்டியதே கிடையாது.

சத்தத்தை விடப் பெரிய சந்தோஷம் வேறு. முன்பு வைத்திருந்த ஹோம் தியேட்டர் செட்டில் கிக் டிரம்மும் பேஸ் கிதாரும் கேழ்வரகுக் களி மாதிரி ஒரே உருண்டையாக வரும். இதில் கால் மிதிக்கும் அடி தனி, கம்பியை விரல் இழுக்கும் ஓசை தனி. எழுபதுகளின் ராக் பதிவுகளில் பேஸ் கிதாருக்கென்று ஒரு தனி மெட்டு ஓடுவதையே பல வருடம் கேட்டும் இதில்தான் முதலில் கவனித்தேன். ஸ்னேர் டிரம்மில் அடி விழும்போது இன்றும் கண் தானாகச் சிமிட்டும். இந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

சரி, இப்போது பீரோ.

என் அறை நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி. சிமெண்ட் சுவர், காங்கிரீட் கூரை, மொசைக் தரை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 10 அடி என்றால் அங்கே முன்னும் பின்னும் மோதிப் பெருகும் ஒலி 57 ஹெர்ட்ஸை (நொடிக்கு 57 அதிர்வு) ஒட்டி வரும். மூன்று பக்கமும் ஒரே அளவு என்பதால் மூன்றும் ஒரே இடத்தில் குவிகிறது. பேஸ் கிதாரின் ஏ கம்பியைச் சும்மா மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். ராக் பாட்டில் அந்தக் கம்பியைத் தொடாதவர் யார்? தொட்டதும் அறையே "ம்ம்ம்" என்று வீங்கும், கன்னி மூலையில் நிற்கும் இரும்பு பீரோ கிர்ரென்று சேர்ந்துகொள்ளும். "பீரோ ஏண்டா அழுவுது?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்பார். காற்று சூடானால் ஒலியின் வேகம் கூடும். கணக்குப்படி அக்னி நட்சத்திர 40 டிகிரியில் இந்த வீக்கம் கொஞ்சம் மேலே ஏறி 58-க்குப் போக வேண்டும். பீரோவுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது, பன்னிரண்டு மாதமும் அழும்.

செய்யாத வைத்தியம் இல்லை. பெட்டிகளைச் சுவரிலிருந்து இரண்டடி இழுத்தேன், கொஞ்சம் அடங்கியது. பேஸுக்காகப் பெட்டியின் பின்பக்கம் விட்டிருக்கும் துளையில் பழைய சாக்ஸைத் திணித்தேன், இன்னும் கொஞ்சம். இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்தினேன். சிம்பல் தட்டின் எதிரொலி குறைந்தது, வீக்கம் அசையவில்லை. ஆறு மீட்டர் நீள அலையை ஒரு மெத்தை என்ன செய்யும்? நாற்காலியை அறைக்கு நடுவில் போட்டால் அந்த ஸ்வரமே காணாமல் போகிறது, சுவரோரம் போட்டால் மண்டைக்குள் இடிக்கிறது. அதனால் சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் நாற்காலிக்காகத் தரையில் சுண்ணாம்பால் ஒரு குறி போட்டிருக்கிறேன். பீரோவை நகர்த்தும் பேச்சை இரண்டு முறை எடுத்தேன். வாஸ்து, அம்மா, பட்டுப்புடவைகள். மூன்றாவது முறை எடுக்கவில்லை.

புது ஃபோம் போட்டு வந்த பிறகு கோன் ஒழுங்காக அசைகிறது. பேஸ் இறங்கி வருகிறது. பீரோ முன்னைவிடப் பலமாக அழுகிறது. 1,400 ரூபாய் கொடுத்து வாங்கிய அழுகை.

அதனால் காட்பாடிக்காரரே, உங்கள் அறையும் இதே அளவுதான், நான் பார்த்திருக்கிறேன். 8 அங்குல ஊஃபர் வேண்டாம். அஞ்சோ ஆறோ அங்குலம், ரப்பர் விளிம்பு, துளை முன்பக்கம் இருந்தால் நல்லது. நான் மேலே புகழ்ந்ததை நம்பி இதே மாதிரி ஒன்றைத் தேடி சென்னை ரிச்சி தெருவுக்கு ரயில் ஏற வேண்டாம். இது நல்ல ஸ்பீக்கர் கிடையாது, நல்ல ஹாலுக்கான ஸ்பீக்கர்.

நேற்று ராத்திரி ஒன்று கண்டுபிடித்தேன். அழுவதில் பாதி பீரோ இல்லை, அதன் பூட்டில் தொங்கும் சாவிக்கொத்து. அதை எடுத்துத் தலையணை மேல் வைத்துவிட்டுப் பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டேன்.