தேனீ ஓவியம்: வீட்டு வகுப்பா, வண்ணப் பெட்டியா?

கிளிநொச்சிப் பக்கம் சிறுவர்களுக்குத் தேனீயை வைத்து ஓவியத் தொழில் தொடங்க இரண்டு வழி: சனிக்கிழமை வீட்டு வகுப்பு, அல்லது வண்ணம் தீட்ட அறுகோண அட்டைகள் வைத்துக் கடைக்குப் போடும் வண்ணப் பெட்டி.

வகுப்புக்கு முதலீடு குறைவு. பாய், கடதாசி, வண்ணம் போதும். பிள்ளைகள் தேனீக்கு இரண்டு சிறகுதான் கீறுவார்கள். செத்து விழுந்த தேனீயொன்றை வெள்ளைக் கடதாசியில் வைத்து, ஊசிமுனையால் சிறகை மெல்லப் பிரித்துக் காட்டுங்கள்: நான்கு! பறக்கும்போது முன்சிறகும் பின்சிறகும் கொளுவிக்கொள்வதால்தான் இரண்டாய்த் தெரிகிறது. அந்த வியப்பை எந்தப் பெட்டிக்குள்ளும் அடைக்க முடியாது. ஆனால் மாரி மழை தொடங்கினால் வரவு குறையும்.

பெட்டியில் காசு முடங்கும். அறுகோண அட்டைகளை மூலைக்கு 120 பாகையாகச் சரியாக வெட்டவேண்டும். பிசகினால் தேன்வதைபோல் இடைவெளியின்றிப் பொருந்தாது. எனினும் அது பஸ்ஸேறி ஒட்டுசுட்டானுக்கும் துணுக்காய்க்கும் போகும். வகுப்புக்கு வரமுடியாத பிள்ளைக்கு அது பெரிய விசயம்.

நானென்றால் வகுப்பில் தொடங்குவேன். ஆறு மாதம் பிள்ளைகள் எதை விரும்பிக் கீறுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, அதையே பெட்டியில் வைப்பேன்.