கல்லடி வீட்டு ஹோலுக்கு ஒன்பது பெட்டிச் சீலிங்

போன புரட்டாசியில் செய்வித்த வேலை. ஒரு மாரி முழுக்கப் பார்த்துவிட்டு எழுதுவோம் என்று இருந்தேன்.

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு ஹோல் 14 அடிக்கு 12 அடி, மேலே கொங்கிரீட் சிலாப் வரை உயரம் 10 அடி. நான் கேட்டது கொஃபர்ட் சீலிங். சட்டங்கள் குறுக்கும் நெடுக்கும் ஓட, இடையிடையே குழிவான பெட்டிகள் தெரியும். படத்தைப் பார்த்த மாமி, "பல்லாங்குழியக் கவிழ்த்து ஒட்டப் போறியா?" என்றா.

முதலில் வந்த இரண்டு பேர் நீள அகலம் அளந்து விலை சொல்லிவிட்டுப் போனார்கள். காத்தான்குடி ஓடாவி (தச்சர்) மட்டும் ரியூபில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்து நாலு மூலைக்கும் மட்டம் பிடித்தார். சிலாப் ஒரு பக்கம் முக்கால் அங்குலம் இறங்கியிருந்தது. பத்து வருடமாக அந்த வீட்டில் இருக்கிறோம், எங்களுக்குத் தெரியாது! சட்டத்தைச் சிலாப்போடு ஒட்டிப் பிடித்தால் சரிவு கண்ணில் குத்தும், மட்டத்துக்குப் பிடித்து மேலே விழும் இடைவெளியை மோல்டிங் என்ற அலங்காரப் பட்டியால் மூடலாம் என்றார். அந்த இடத்திலேயே வேலையைக் கொடுத்துவிட்டேன்.

நீளப் பக்கம் நாலு பெட்டி வேண்டும் என்றேன். "நாலு போட்டா நடுவில சட்டம் வரும் தங்கச்சி, ஃபேன் கொக்கி எங்க போற? மூணு போடுவம்" என்றார். சரி, மூன்றுக்கு மூன்று, ஒன்பது.

சட்டம் முழு மரம் இல்லை. பிளைவுட்டில் 'ப' எழுத்து மாதிரி, மேல்பக்கம் திறந்த பெட்டி. சிலாப்பில் கட்டைகளை இறுக்கி, அதன்மேல் 'ப'வை ஏற்றி இரண்டு பக்கமும் ஆணி அடிக்கிறார்கள். உள்ளே வெறுமை என்பதால் லைட் வயர் அதற்குள்ளேயே ஓடிவிடும். விலையைப் பார்த்து நான் எம்டிஎஃப், அதாவது மரநாரை அமுக்கிச் செய்த பலகை, கேட்டேன், ஓடாவி மறுத்தார். கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. மாரி ஈரத்துக்கு அது ஊதிவிடுமாம். பிளைவுட்டுக்கும் மேலே ஏற்றும் முன்பே உள்ளும் புறமும் பிரைமர் அடித்தார். மாரி முடிந்து பார்த்தால் ஒரு மூலையில் மட்டும் மயிரிழை வெடிப்பு. போன் எடுத்ததும் வந்து பூசிவிட்டுப் போனார்.

என் கோபம் ஃபேனில்தான். கொக்கி நடுப் பெட்டியின் நடுவில் அச்சொட்டாக இருந்தது. ஆனால் அந்தப் பெட்டியின் அகலம் மூன்றரை அடி, ஃபேன் சுற்றுவது 56 அங்குலம். பழைய குட்டைக் கம்பியில் மாட்டினால் சிறகு சட்டத்தில் அடிக்கும். அவ்வளவு அளந்தவர் இதைச் சொல்லவே இல்லை! ஒன்றரை அடிக் கம்பி வாங்கி, வயரிங்காரரைத் திரும்பக் கூப்பிட்டு மாட்டும் வரை நாலு நாள் ஃபேன் இல்லாமல் அவிந்தோம். எட்டு நாளில் முடியும் என்ற வேலையும் பத்தொன்பது நாள் இழுத்தது. பிளைவுட் தூள் இன்னும் விறாந்தை யன்னலில் இருக்கிறது.

9 அடி உயர வீட்டுக்காரர் இந்த 6 அங்குலச் சட்டத்தைப் போடவேண்டாம், தலைமேல் இறங்கின மாதிரி இருக்கும். துடைப்பதையும் யோசியுங்கள். ஒன்பது பெட்டிக்கு முப்பத்தாறு மூலை, சிலந்திக்குக் கொண்டாட்டம், எனக்குத் தும்புத்தடி.

பெயின்ற் உட்பட 2,70,000 ரூபா கொடுத்தேன். கம்பியும் வயரிங்கும் தனி. படுக்கையறைக்கும் அவரிடமே சொல்லியிருக்கிறேன், 4 அங்குலச் சட்டத்தில். ஃபேன் அளவைத் துண்டில் எழுதி இந்த முறை முதலிலேயே கையில் கொடுத்துவிட்டேன்.