ரப்பரா, பாலியா, ரோஸ் ஜாயின்ட்டா? கிட் காரில் புஷ் மாற்றும்போது எதை எங்கே போடலாம்

சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்ம் சட்டத்தோடு சேரும் மூட்டில் இருக்கும் மெத்தை மாதிரியான உருளைதான் புஷ். கழற்றிய லோயர் ஆர்மை (கீழ் ஆர்மை) வைஸில் பிடித்து, புஷ்ஷின் நடுத் துளையில் நீளமான ஒரு ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பிப் பாருங்கள். நல்ல புஷ் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். கெட்டுப்போன புஷ்ஷில் உள் ஸ்லீவ் (நடுவிலுள்ள எஃகுக் குழாய்) ஒரு பக்கமாகச் சரிந்து அங்கேயே நிற்கும். ரப்பரின் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு வெடிப்பு திறந்து மூடும், அதிலிருந்து கருப்புப் பொடி உதிரும். என் காரின் முன்பக்கத்து எட்டுப் புஷ்களில் ஆறு இந்த நிலையில்தான் இருந்தன.

நான் வீட்டிலேயே புதுப்பித்தது செவன் பாணி கிட் கார், அதாவது பாகங்களாக வாங்கி நாமே கூட்டிச் செய்யும் கார். 1957-ல் லோட்டஸ் கொண்டுவந்த செவனின் வடிவத்தை அடியொற்றிய வகை. குழாய்களை வெல்டு செய்த சட்டம், முன்னால் இரட்டை விஷ்போன் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் பிடிக்கும் V வடிவ ஆர்ம்கள்), பின்னால் ஒரு பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டிலிருந்து எடுத்த லைவ் ஆக்ஸில் (இரண்டு பின்சக்கரத்தையும் ஒரே கட்டாகச் சேர்க்கும் அச்சு). இப்படிப்பட்ட காருக்குப் புஷ் வாங்கப் போனால் நான்கு வகை இருக்கும்: எஃகு ஸ்லீவோடு ஒட்டிய ரப்பர், பாலியூரித்தேன் (சுருக்கமாகப் பாலி), நைலான் அல்லது அசெட்டால் போன்ற கெட்டிப் பிளாஸ்டிக், கடைசியாக ரோஸ் ஜாயின்ட் என்ற உலோகப் பந்து மூட்டு. நான்கையும் பற்றிச் சொல்கிறேன். ஆனால் உண்மையான போட்டி முதல் இரண்டுக்கும் நடுவில்தான்.

"பாலி போட்டேன், ஸ்டியரிங் கத்தி மாதிரி ஆகிவிட்டது" என்று பலரும் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அவர்கள் கழற்றிப்போட்டது இருபது, முப்பது வருடம் ஓடிச் செத்த ரப்பர். செத்த ரப்பருக்குப் பதில் புது ரப்பர் போட்டிருந்தாலும் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி கிடைத்திருக்கும். இரட்டை விஷ்போனில் மேல், கீழ் பால் ஜாயின்ட்டுகளுக்கு நடுவில் 250 மி.மீ. இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். புஷ் தளர்ந்து கீழ் ஜாயின்ட் 1 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தாலே கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) கிட்டத்தட்ட கால் டிகிரி மாறிவிடும். வளைவில் ஒரு பக்கம், நேரில் இன்னொரு பக்கம் என்று அது மாறிக்கொண்டே இருந்தால் ஸ்டியரிங் எப்படி நிலையாக இருக்கும்? அந்த ஆட்டத்தை எந்தப் புதுப் புஷ்ஷும் போக்கிவிடும். ஆக, புது ரப்பருக்குப் பக்கத்தில் புதுப் பாலியை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

எடையையும் மறக்கக்கூடாது. எஸ்கார்ட் 900 கிலோவை ஒட்டிய கார். செவன் பாணி கார்கள் பெரும்பாலும் 500 முதல் 650 கிலோவுக்குள் முடிந்துவிடும். சலூன் காரின் எடைக்காகச் செய்த ரப்பர் புஷ் இந்த லேசான காரில் ஏற்கெனவே கெட்டியாகத்தான் இருக்கும். "ரப்பர் குழைவாக இருக்குமே" என்ற பயம் இங்கே பாதிக்குமேல் தேவையில்லாதது.

ரப்பர் புஷ் வேலை செய்யும் விதம்

ஒட்டிய ரப்பர் புஷ்ஷில் எதுவும் சுழல்வதில்லை. உள் ஸ்லீவை போல்ட் சட்டத்தோடு இறுக்கிப் பிடித்திருக்கும், வெளி ஸ்லீவ் ஆர்மின் கண்ணுக்குள் (முனையிலுள்ள வளையத்துக்குள்) இறுகியிருக்கும். சக்கரம் மேலும் கீழும் போகும்போது நடுவிலுள்ள ரப்பர்தான் முறுக்கிக்கொடுத்துத் திரும்புகிறது. உரசும் பரப்பே இல்லாததால் கிரீஸ் வேண்டாம், சத்தம் வராது, மண்ணும் தண்ணீரும் புகுந்து தேய்க்க இடம் கிடையாது. போதாததற்கு, ரப்பர் எல்லாத் திசையிலும் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். முறுக்கு மட்டுமல்ல, சாய்வும் அதற்குச் சம்மதம். பின்பக்கத்துக்கு வரும்போது இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

ரப்பரைக் கொல்வது பெரும்பாலும் பொருத்தும் முறைதான். காரை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்டை முழுசாக டைட் செய்துவிடுவார்கள். 300 மி.மீ. நீள விஷ்போனின் முனை, கார் தரையில் நிற்கும் நிலையைவிட 75 மி.மீ. கீழே தொங்கினால் கோணம் ஏறக்குறைய 15 டிகிரி. அந்த நிலையில் இறுக்கி, பிறகு காரை இறக்கினால், சும்மா நிற்கும்போதே ரப்பர் 15 டிகிரி முறுக்கிக்கொண்டிருக்கும். பள்ளத்தில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் அதற்கு மேல்தான் கூடுதல் முறுக்கு. ஒட்டு பிய்ந்துகொள்வது இதனால்தான். "புது ரப்பர் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை, அதனால் பாலிக்கு மாறினேன்" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சந்தேகம்தான் முதலில் வரும்.

சரியான முறை இது. எல்லா போல்டையும் கைவாக்கில் மட்டும் பிடித்துவிட்டு, காரைத் தரையில் இறக்கி, ஓட்டுபவரின் எடைக்கு சீட்டில் மணல் மூட்டை வைத்து, முன்னும் பின்னும் உருட்டி, சஸ்பென்ஷன் தன் இடத்தில் படிந்த பிறகு டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். செவன் பாணி கார் மிகத் தாழ்வாக இருப்பதால் அடியில் கை போவதே பாடு. நான் நான்கு சக்கரத்தையும் கெட்டியான மரக்கட்டை மேடைகளில் ஏற்றி நிறுத்திச் செய்தேன். ஜாக்கியில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் ஒரு நிமிடம்கூடத் தலையை விடாதீர்கள்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பழைய கார்களுக்கான ரப்பர் புஷ், பெட்டி பிரிக்காத பழைய சரக்காகவும் கிடைக்கும். அசல் என்று ஆசையாக இருக்கும். ஆனால் ரப்பர் அலமாரியில் சும்மா இருந்தாலும் வயதாகும். நகத்தால் அழுத்தினால் பதியாமல் கல் மாதிரி இருந்தாலோ, வளைத்தால் மேல்பரப்பில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தாலோ விட்டுவிடுங்கள்.

பாலி கொடுப்பதும் கேட்பதும்

பாலியூரித்தேன் புஷ் பெரும்பாலும் இரண்டு பாதியாக வரும். ஆர்மின் கண்ணைச் சுத்தம் செய்துவிட்டால், இரண்டு பாதியையும் கையாலேயே இருபுறமிருந்தும் தள்ளி, நடுவில் எஃகுக் குழாயைச் செருகி முடித்துவிடலாம். பிரஸ் வேண்டாம், லேத்துக்காரரிடம் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். வீட்டில் வேலை செய்பவருக்கு இது பெரிய வசதி. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் உப்பி ஊறிப்போவதுபோல் பாலி கெட்டுப்போவதும் இல்லை.

பாலி ரப்பரைப்போல் முறுக்கிக்கொடுக்காது. குழாயின் மேல் வழுக்கிச் சுழலும். அப்படியானால் அது ஒரு பேரிங், பேரிங்குக்கு கிரீஸ் வேண்டும். உற்பத்தியாளர் கொடுக்கும் அந்தச் சின்ன கிரீஸ் பொட்டலத்தைக் குழாயின் மேலும், பாலியின் உட்புறத்திலும், விளிம்பு சட்டத்தில் உரசும் முகத்திலும் தாராளமாகப் பூசுங்கள். காய்ந்தால் கதவுக் கீல் மாதிரி கிறீச்சிடும். சில மாதம் ஆனதும் கழற்றி மறுபடி பூச வேண்டியிருக்கும் என்பதை இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழாயின் நீளத்தை வெர்னியரால் அளந்துவிடுங்கள். பாலியின் இரண்டு விளிம்புக்கும் வெளியே அது மயிரிழை அளவாவது நீண்டிருக்க வேண்டும். அப்போதுதான் போல்ட் குழாயைப் பிடிக்கும், பாலி சுதந்திரமாகச் சுழலும். குழாய் குட்டையாக இருந்தால் போல்ட் பாலியையே நசுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆர்ம் கையால் அசையாது, கார் விறைத்துப்போகும், விளிம்பு கிழிய ஆரம்பிக்கும். எனக்கு வந்த எட்டுக் குழாய்களில் ஒன்று இப்படித்தான் குட்டையாக இருந்தது. டைட் செய்த பிறகு அந்த விஷ்போனைத் தூக்கிவிட்டால் கீழே விழாமல் அந்தரத்திலேயே நின்றது. மற்றவை தம் எடையிலேயே மெதுவாக இறங்கின.

நிறத்தைப் பார்த்து வாங்குவதும் வேண்டாம். ஒருவரின் சிவப்பு இன்னொருவரின் சிவப்பைவிடக் கெட்டியாக இருக்கலாம், நிறத்துக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. கெட்டித்தன்மையைச் சொல்லும் ஷோர் ஏ எண்ணைக் கேளுங்கள்; எண் கூடினால் கெட்டியும் கூடும். சஸ்பென்ஷன் ரப்பர் பெரும்பாலும் 50 முதல் 70 வரை இருக்கும். பாலி 80 முதல் 95 வரை போகும். சாலையில் ஓட்டும் லேசான காருக்கு 80-ஐ ஒட்டியதே தாராளம்.

முன்னால் பாலி, பின்னால் ரப்பர்

ஒரு மூட்டுக்குப் புஷ் தேர்ந்தெடுக்குமுன் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்த மூட்டு சுழல மட்டும் செய்கிறதா, சாயவும் செய்கிறதா?

முன் விஷ்போனின் இரண்டு புஷ்ஷும் ஒரே அச்சில் கதவுக் கீல் மாதிரி இருக்கும். அங்கே சுழற்சி மட்டுமே. பாலிக்கு ஏற்ற இடம் அதுதான். சாய்வு கிடையாது, பக்கவாட்டு விசை அதிகம், கழற்றி கிரீஸ் போடுவதும் எளிது. என் காரில் முன்னால் பாலிதான் போட்டேன். புது ரப்பரோடு ஒப்பிட்டாலும் ஸ்டியரிங் ஒரு படி கூர்மை, கூடவே சாலையின் பொடி அதிர்வும் கொஞ்சம் கூடுதலாகக் கைக்கு வரும்.

பின்னால் லைவ் ஆக்ஸிலைச் சட்டத்தோடு இணைத்துப் பிடித்திருக்கும் லிங்குகள் என்ற கம்பிகளின் கதை வேறு. வளைவில் கார் சாயும்போது ஒரு சக்கரம் மேலே போகும், இன்னொன்று கீழே வரும். ஆக்ஸில் முழுவதும் சட்டத்துக்கு எதிராகத் திருகிக்கொள்ளும், ஒவ்வொரு லிங்க்கின் முனையும் கூடவே சாய வேண்டும். ரப்பர் அந்தச் சாய்வை ஏற்றுக்கொள்ளும். கெட்டிப் பாலி எதிர்த்து நிற்கும். அப்படி எதிர்த்து நின்றால் நீங்கள் பொருத்தாத ஒரு ஆன்டி-ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைத் தடுக்கும் கம்பி) பின்னால் முளைத்த மாதிரிதான். பின்பக்கம் முன்னறிவிப்பில்லாமல் வழுக்கும். அந்த விசை போய்ச் சேரும் இடம் ஆக்ஸிலிலும் சட்டத்திலும் வெல்டு செய்த பிராக்கெட்டுகள். மெல்லிய குழாய்ச் சட்டத்தில் அங்கேதான் விரிசல் விடும். முன்னும் பின்னும் ஒரே நிறத்தில் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காக முழு பாலி செட் வாங்குபவர்களைப் பார்த்தால் தடுத்து நிறுத்தத் தோன்றுகிறது.

கழற்றும்போது

பாலி வாங்குபவர்கள் பழைய புஷ்ஷை அறுக்குமுன் குறிப்புத்தாளைப் படித்துவிடுங்கள். சில பாலி புஷ்கள் வெற்றுக் கண்ணுக்குள் போகும். சிலவற்றுக்குப் பழைய வெளி ஸ்லீவ் அப்படியே இருக்க வேண்டும். அதை அறுத்து எறிந்த பிறகு படித்தால் பிரயோஜனமில்லை.

எரித்து எடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ரப்பர் புகையே கெடுதல், பாலி எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் சயனைடுகூட இருக்கும். தடி த்ரெட் ராடு ஒன்று, ஒரு பக்கம் புஷ் உள்ளே வந்து விழுகிற அளவு பெரிய சாக்கெட், மறுபக்கம் வெளி ஸ்லீவின் விளிம்பில் மட்டும் உட்காருகிற சாக்கெட், இரண்டு நட். இதுவே வீட்டு பிரஸ். அசையவில்லை என்றால் ரப்பரை டிரில் போட்டுத் துளைத்து உள் ஸ்லீவை வெளியே தள்ளிவிட்டு, ஹாக்ஸா பிளேடைக் கண்ணுக்குள் மாட்டி வெளி ஸ்லீவை மட்டும் நீளவாக்கில் அறுங்கள். கடைசி மெல்லிய படலம் அறுபடும்போது பிளேடின் சத்தம் மாறும். அங்கே நிறுத்தி, உளியால் ஓரத்தை உள்ளே மடக்கினால் ஸ்லீவ் சுருண்டு கையோடு வந்துவிடும். கண்ணின் சுவரில் பிளேடு பட்டுக் கீறல் விழுந்தால் பிற்பாடு அங்கிருந்தே விரிசல் தொடங்கலாம். அவசரப்பட வேண்டாம்.

புது ரப்பர் புஷ்ஷை இரவெல்லாம் ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் பொருத்தினால் கொஞ்சம் எளிதாக ஏறும். அழுத்தம் வெளி ஸ்லீவின் மேல் மட்டும் விழ வேண்டும். ரப்பரில் காலி இடம் விட்ட புஷ் என்றால் அந்தக் காலி இடம் எந்தத் திசையைப் பார்த்திருந்தது என்று கழற்றுமுன்பே ஆர்மில் குறி போடுங்கள். உள் ஸ்லீவும் போல்டும் துருப்பிடித்து ஒன்றாகிவிடாமல் இருக்க, போல்டின் நடுப்பகுதியில் ஆன்டி-சீஸ் பசை பூசிவிடுங்கள்.

மற்ற இரண்டும்

நைலான், அசெட்டால் புஷ்கள் சாலைக் காருக்கு என் பட்டியலில் இல்லை. துளி வளைவும் இல்லாததால் சாலையின் அடி முழுக்கச் சட்டத்துக்குப் போகும். கண்ணின் துளை மிகத் துல்லியமாக இருக்க வேண்டும். வெல்டு செய்த விஷ்போனில் சூட்டால் கண் லேசாக முட்டை வடிவாகியிருக்கும், பவுடர் கோட்டிங் வேறு உள்ளே ஏறியிருக்கும். நைலான் ஈரம் குடித்து உப்பவும் செய்யும். அசெட்டாலில் அந்தத் தொல்லை குறைவு.

ரோஸ் ஜாயின்ட் வேறு ரகம். தன் கோண வரம்புக்குள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தடுக்காது, மரையைத் திருப்பி நீளத்தை மாற்றலாம் என்பதால் கேம்பரைத் துல்லியமாக வைக்கலாம். பந்தயத் தடத்துக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. சாலையில் மண்ணும் தண்ணீரும் உள்ளே போனால் சீக்கிரமே 'டக் டக்' என்று தட்ட ஆரம்பிக்கும். ரப்பர் உறை போட்டாலும் அடிக்கடி பார்க்க வேண்டும். போடுவதாக இருந்தால், ஜாயின்ட் பிய்ந்தாலும் ஆர்ம் போல்டை விட்டு வெளியே வராதபடி பந்தைவிடப் பெரிய வாஷர் ஒன்றைக் கட்டாயம் சேருங்கள்.

பின் ஆக்ஸிலை நடுவில் ஏ-ஃபிரேம் (A வடிவ ஆர்ம்) பிடித்திருக்கும் கார் உங்களுடையது என்றால், அந்த நடுப் புஷ்ஷை வேறு எதற்கும் முன்னால் பாருங்கள். பக்கவாட்டு விசை முழுவதையும் அது ஒன்றுதான் தாங்குகிறது. மேலே இருக்கும் டிஃபரன்ஷியலிலிருந்து எண்ணெய் கசிந்தால் நேராக அதன் தலையில்தான் சொட்டும். ரப்பர் உப்பிக் குழைந்திருந்தால் முதலில் கசிவை நிறுத்திவிட்டு அப்புறம் புஷ் வாங்குங்கள். எல்லாம் மாட்டி முடித்து, ஒரு நூறு கிலோமீட்டர் ஓடியதும் கார் தரையில் நிற்கும் நிலையிலேயே எல்லா போல்டையும் மறுபடி டார்க் ரென்ச்சால் சரிபார்த்து, அதற்குப் பிறகு அலைன்மென்ட் செய்யக் கொடுங்கள்.